குளக்கட்டுச் சந்தையில் ஒரு சண்டை

என் மனைவியிடம் நல்ல பெயர் வாங்குகிற மரக்கறி இந்த உலகத்தில் இன்னும் விளையவில்லை என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்துக்கொண்டேன். கல்முனையில் தண்ணீர்ப் பம்பும் கை உழவு மெஷினும் திருத்துகிற சின்னக் கடை எனக்கு. பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வருகிற வழியில் மரக்கறி வாங்கி வருவது என் பொறுப்பு. பையை வாங்குவாள், அடுப்படியில் கொட்டுவாள், ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். முற்றின வெண்டிக்காயை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இத என்னத்துக்கு வாங்கின நீங்க? அடுப்பெரிக்கவா?" என்று கேட்பாள்.

பல நாட்கள் பையை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். மரக்கறிக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே சிரிக்கத் தொடங்குவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்கிறவனுக்கு ஒரு வெண்டிக்காய் பார்க்கத் தெரியாதா என்று வழி நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு போவேன். அவளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவது அதைவிடக் கரைச்சல். அவள் விலை பேசுகிற இடத்தில் நிற்க வெட்கப்பட்டு, நான் தேத்தண்ணீர்க் கடைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். முடிந்து வரும்போது வியாபாரி களைத்துப் போயிருப்பார், இவள் முகம் மட்டும் நன்றாக நித்திரை கொண்டு எழும்பினவளின் முகமாக இருக்கும்.

பிறகு கடல் வந்தது. எங்கள் வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. ஆண் பிள்ளைகள் இரண்டு பேரும் ரோட்டுக்கு மேற்கே குர்ஆன் ஓதப் போயிருந்தார்கள். நான் கடையில். நாலு வயது மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள், மனைவி அடுப்படியில் நின்றாள். தண்ணீர் மனைவியை இழுத்துக்கொண்டு போய் ஒரு மதிலோடு விட்டுவிட்டது. மகளை அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கண்டெடுத்து, பொழுது பட்டு மஃரிப் ஆகுமுன்னர் அடக்கினோம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், தகரக் கொட்டிலில் இருந்தோம், கடைசியாக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அந்தக் காலம் முழுக்க எல்லாம் பொதியாகத்தான் வந்தது. அரிசி, பருப்பு, டின் மீன், பிஸ்கட், யாரோ உடுத்துக் கழித்த உடுப்பு. வரிசையில் நின்று கையை நீட்டினால் ஒன்று விழும். அது வேண்டாம், இதைத் தாருங்கள் என்று சொல்ல வாய் வராது. எங்கிருந்தெல்லாமோ வந்து எங்களுக்குச் சோறு போட்டவர்களை அல்லாஹ் நன்றாக வைத்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் நன்றி சொல்லிச் சொல்லி வாய் புளித்துப் போன காலம் அது.

பொதி வருவது நின்றது. நான் மறுபடி கடையைத் திறந்தேன், மறுபடி மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி பையை வாங்கினாள், கொட்டினாள், இருந்ததை அப்படியே அரிந்து சட்டியில் போட்டாள். பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவாள், நேரத்துக்குத் தொழுவாள். எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதைத்தான் விட்டுவிட்டாள். பெருநாளைக்கு என்ன நிறத்தில் உடுப்பு எடுக்கட்டும் என்று கேட்டால், "கிடைக்கிறத எடுங்க" என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் வீட்டில் இருந்தவள் பொறுமைசாலி இல்லை என்பது எனக்குத்தானே தெரியும்.

ஒரு நாள் வேண்டுமென்றே முற்றிய வெண்டிக்காயாகப் பொறுக்கி வாங்கினேன். மரக்கறிக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவள் கத்துவாள், கத்துவாள் என்று கதவடியில் நின்றேன். அவள் கத்தவில்லை. அதையும் அரிந்து குழம்பாக்கி வைத்தாள். சாப்பிடும்போது நாராக நாராகப் பல்லில் சிக்கியது. மூத்தவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கண்ணைக் காட்டி அடக்கினேன். அன்று வெளியே கிணற்றடியில் போய் நின்று அழுதேன். வெண்டிக்காய்க்காக அழுத ஆம்பிளை எங்கள் பகுதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் மத்தியமுகாம் பக்கம் ஒரு வலீமா, கல்யாண விருந்துக்கு அழைப்பு வந்தது. அதற்கு முன்னர் என்றால் அந்த ரோட்டில் போக ஆயிரம் யோசனை யோசிப்போம். இப்போது சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வரமாட்டேன் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். அதையும் அவள் சொல்லவில்லை. அபாயாவை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

விருந்தில் பெண்கள் பக்கத்திலிருந்து என் மச்சினிச்சி ஒருத்தி வந்து சொன்னாள், சஹன் தட்டில் எல்லாரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிட இவள் தன் முன்னால் இருந்த சோற்றை மட்டும் தொட்டுவிட்டு எழும்பிவிட்டாளாம், ஒருவர் இறைச்சியை இவள் பக்கம் தள்ளியும் எடுக்கவில்லையாம். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. லுஹரைத் தொழுதுவிட்டு உடனே கிளம்பினோம்.

திரும்புகிற வழியில் ரோட்டைக் கிளறிப் போட்டிருந்தார்கள். தார்க் காப்பட் போடுகிற வேலை அந்த நாட்களில் எல்லா இடமும் நடந்தது. கொடி பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் வாய்க்கால் ஓரத்து மண் ரோட்டைக் காட்டி, அப்படியே போனால் மறுபடி பெரிய ரோட்டில் ஏறலாம் என்றார். எனக்கு வழி கேட்பது பிடிக்காது. முதல் பிரிவில் இடது பக்கம் திரும்பினேன். அடுத்த பிரிவிலும் என் புத்திக்குப் பட்ட பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் குடலைப் பருவத்து நெல் வயலைத் தவிர வேறொன்றும் இல்லை. வாய்க்கால் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ரோட்டு ஒரு குளத்தின் கட்டில் போய் ஏறியது. வழி தவறிவிட்டோம் என்று பின்னால் இருப்பவளிடம் சொல்லவும் ரோஷம் விடவில்லை.

குளக்கட்டில் வரிசையாக மருத மரங்கள். அந்த நிழலில் ஒரு சந்தை நடந்துகொண்டிருந்தது. கூரை கிடையாது, கடை கிடையாது. சாக்கை விரித்து விளைந்ததைக் குவித்து வைத்துக்கொண்டு ஆட்கள் குந்தியிருந்தார்கள். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் வந்த பூசணிக்காய் பெட்டியிலேயே விலைக்கிருந்தது. சோளன், கச்சான், வத்தாளங்கிழங்கு, பயத்தங்காய், முட்டித் தயிர். ஈரச் சாக்கால் மூடின கூடைக்குள் குளத்து மீன் துள்ளியது. எல்லாரும் பக்கத்துத் தமிழ் ஊர்களின் கமக்காரர்கள் என்பது பெண்களின் பொட்டிலும் பேச்சிலும் தெரிந்தது. கட்டின் ஒரு முனையில் யுத்த காலத்தில் காவல் நின்ற கொட்டிலின் சிமெந்துத் தரை மட்டும் மிச்சமாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு அம்மா கத்தரிக்காய் பரப்பியிருந்தார்.

நான் இஞ்சினை நிறுத்தினேன். வழி கேட்கத்தான் நிறுத்தினேன், ஆனால் கேட்கவில்லை. அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பியும் அபாயாவுமாக அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பிரச்சினைக் காலத்தில் எங்கள் ஆட்கள் சிலர் இந்தப் பக்கத்து வயலுக்குப் போய்த் திரும்பி வராமல் இருந்திருக்கிறார்கள். அவர்களின் ஆட்களும் எங்கள் பக்கம் வந்து திரும்பாமல் இருந்திருக்கிறார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும், இரண்டு பக்கமும் வாய் திறந்து சொல்லாது. அதனால் ஒருவரையொருவர் கண்டால் நாங்கள் அளவுக்கு மிஞ்சி மரியாதையாக நடந்துகொள்வோம். அந்த மரியாதைக்குள் இருந்தது பயம் என்று இப்போது யோசித்தால் விளங்குகிறது.

சும்மா போனால் சரியில்லை, ஏதாவது வாங்கிவிட்டுப் போவோம் என்று சிமெந்துத் தரையில் இருந்த அம்மாவிடம் போனேன். ஐம்பது தாண்டின ஆள், மெலிந்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை.

"கத்தரிக்காய் எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்துத் தாங்க காக்கா," என்றார், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே.

"இல்ல அக்கா, நீங்க சொல்லுங்க, தாறன்."

"உங்களுக்கிட்ட என்ன கூட்டியா சொல்லப் போறன்? நீங்க விரும்பினதத் தாங்க."

"நீங்க சொன்னாச் சரி, அக்கா."

"நீங்க தந்தாச் சரி, காக்கா."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. விலை என்ற ஒன்று அந்த அம்மாவின் வாயிலிருந்தும் வரவில்லை, என் வாயிலிருந்தும் வரவில்லை. இரண்டு பேரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றோம். ஒரு பெரிய தாளை நீட்டிவிட்டு, தந்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். என் மனைவி குந்திவிட்டாள். அபாயாவின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கத்தரிக்காயை எடுத்தாள். காம்பைத் திருப்பிப் பார்த்தாள், பெருவிரலால் ஒரு இடத்தில் அமுக்கினாள், அப்பால் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் அப்பால் வைத்தாள். அந்த அம்மா கத்தரிக்காயைக் கூம்பாக அழகாக அடுக்கி வைத்திருந்தார். என் மனைவி கூம்பின் அடியில் கையை விட்டு ஒன்றை உருவினாள். மொத்தமும் சரிந்து சிமெந்துத் தரையில் உருண்டது.

"என்னகா புள்ள!" என்று அந்த அம்மா கத்தினார். "கோழி கிளறின மாதிரிக் கிளறுறாய்! விடியக் காலம இருந்து அடுக்கி வெச்சிருக்கன், வந்து அஞ்சு நிமிசத்துல எல்லாத்தையும் உருட்டிப் போட்டாய்!"

பூசணிக்காய் எடுத்துக்கொண்டிருந்தவர் கையில் பூசணிக்காயோடு நின்றார். எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. பணத்தை வைத்துவிட்டுப் போய்விடுவோம் என்று நான் குனிந்து அவள் காதடியில் சொன்னேன்.

"இஞ்சருகா, எழும்பு. சத்தம் போடாத. இது நம்மட ஊரில்ல."

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடியிலிருந்து உருவின கத்தரிக்காயை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கிளறாம? மேல எல்லாம் நல்லத வெச்சி, அடியில ஓட்டையத்தான் வெச்சிரிக்கீங்க. இஞ்ச பாருங்க, புழு வீடு கட்டிரிக்கி."

"எங்க புழு? ஒரு கத்தரிக்காய்ல புழு இருந்தா எல்லாத்துலயும் இருக்குமா? உன்ட ஊருல புழு இல்லாத கத்தரிக்காய் விளையுதா?"

"எங்கட ஊருல புழு இரிக்கிறத மேல வெச்சிதான் விப்பாங்க, ஒளிச்சு வெக்க மாட்டாங்க."

இது முழுப் பொய். எங்கள் ஊரில் ஒளித்து வைப்பதைப் போல் வேறு எங்கும் ஒளித்து வைக்கமாட்டார்கள். ஆனால் அவள் குரல்! அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. எனக்கு ஒரு பக்கம் அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று இருக்கிறது, இன்னொரு பக்கம் அவளை நிறுத்தவே கூடாது என்றும் இருக்கிறது. ரப்பே, இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

லேண்ட்மாஸ்டரிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். நல்ல உயரம், தோளில் துவாய், கையில் கத்தி. பூசணிக்காய் பிளக்கிற கத்திதான், ஆனால் கத்தி கத்திதானே. நேரே எங்களைப் பார்த்து நடந்து வந்தார். நான் மனைவிக்கு முன்னால் வந்து நின்றேன். என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வந்தவர் என்னைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி சொல்றது சரி," என்றார். "இந்த மனிசி இப்பிடித்தான். போன கிழமை எனக்கும் அடியில இருந்ததத்தான் தந்தவ."

"வந்திட்டார் பெரிய நீதவான்!" என்று அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "உன்ட பூசணிக்காய்ல பாதி தண்ணி. அத நான் ஆருக்கும் சொன்னனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் கூடைக்காரி ஏதோ சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று இளகியது. மறுபடி எல்லாரும் தங்கள் தங்கள் வியாபாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். என் கால்களுக்கும் மெதுவாகச் சூடு வந்தது. ஒரு மருத மரத்தில் சாய்ந்துகொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் விலை பேசுவதை ஒளிந்துகொள்ளாமல் நின்று பார்த்தேன். அந்த அம்மா இப்போது விலை சொன்னார், கூட்டித்தான் சொன்னார். இவள் அதைக் கேட்டுத் தன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். எழும்பிப் போவதாகப் பாசாங்கு செய்தாள், அவர் போகட்டும் என்று வெற்றிலையைத் துப்பினார், இவள் மறுபடி குந்தினாள். சளைக்காத இரண்டு பேர்.

ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து ஒரு குவியல் சேர்த்தாள். அதைத் தராசில் போடப் போன அந்த அம்மா, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"இவ்வளவும் ஆருக்குக் காய்ச்சப் போறாய்? எத்தின புள்ளைகள் உனக்கு?"

நான் மரத்திலிருந்து நிமிர்ந்தேன். இந்தக் கேள்வி வருகிற இடங்களில் எல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வது நான்தான். இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். இந்தத் தடவையும் வாயைத் திறந்துவிட்டேன்.

"மூண்டு," என்றாள் மனைவி.

என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"ரெண்டு ஆம்புளப் புள்ள. கடைசி பொம்புளப் புள்ள. அத கடல் கொண்டு போயிற்று."

அந்த அம்மா தராசைக் கையில் தூக்கியபடி அப்படியே இருந்தார். தட்டுகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"என்ன வயசு?"

"நாலு."

அடுத்தது என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு, அல்லாஹ்வின் நாட்டம் என்றோ கடவுளின் சித்தம் என்றோ ஒரு சொல். பிறகு ஏதாவது ஒன்றைக் கையில் திணிப்பார்கள், இலவசமாக. நாங்கள் நன்றி சொல்ல வேண்டும், மனைவியின் முகம் மறுபடி மூடிக்கொள்ளும். இவ்வளவு தூரம் வந்து இதிலா முடிய வேண்டும் என்று சட்டைப் பைக்குள் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினேன்.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஒரு தடவை, அழுத்தித் துடைத்தார். பிறகு என் மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

"அதுக்கு நான் ஒண்டும் சொல்ல ஏலா, புள்ள. அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்ல ஏலா," என்றார். "ஆனா கத்தரிக்காய்க்குச் சொன்ன விலதான். ஒரு சதம் குறைக்க மாட்டன்."

என் மனைவியின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து ஓடிப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனால் சிரிப்புத்தான், தோள் குலுங்கக் குலுங்க.

"அதுக்கா குறைக்கச் சொன்ன நான்?" என்றாள் சிரிப்புக்கு நடுவில். "புழுவுக்குத்தானே குறைங்க எண்டு கேட்ட நான்."

"புழுவுக்கும் குறைக்க மாட்டன். அது சும்மா வந்த புழு இல்ல, நான் தண்ணி ஊத்தி வளத்த புழு," என்றார் அந்த அம்மா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் குந்தியிருந்து, உருண்டு கிடந்த கத்தரிக்காய்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். அதோடு மனைவி விடவில்லை. சந்தை முழுக்கச் சுற்றினாள். பயத்தங்காயை வளைத்துப் பார்த்தாள், சோளனின் தோலை உரித்துப் பார்த்தாள், தயிர் முட்டியைச் சரித்துப் பார்த்தாள். போன இடமெல்லாம் ஒரு வாக்குவாதம். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கெக்கரிக்காய் விற்ற ஒருவர் என்னிடம், "எப்பிடித் தம்பி சமாளிக்கிறாய்?" என்று கேட்டார். "அல்லாஹ்ட கிருபை," என்றேன். அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார்.

வழியைக் கடைசியில் மனைவிதான் கேட்டாள், நான் கேட்கவில்லை. பூசணிக்காய்க்காரர் கத்தியாலேயே திசை காட்டினார்.

திரும்பி வரும்போது மடியில் பூசணிக்காய், ஹேண்டிலில் இரண்டு பக்கமும் பை, நடுவில் நாங்கள். குளக்கட்டு முடிந்து வயல் ரோட்டில் இறங்கினதும் அவள் என் முதுகில் தலையை வைத்து அழுதாள். சத்தமாக அழுதாள். அடக்கின நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை, மற்றவர்கள்தான் அழுதார்கள். நான் மெதுவாக ஓட்டினேன். என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வாய்க்கால் மதகில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி முகம் கழுவினாள். ஒரு கெக்கரிக்காயை அந்தத் தண்ணீரிலேயே கழுவி, உடைத்து, பாதியைத் தான் கடித்துக்கொண்டு பாதியை எனக்குத் தந்தாள். "பிஞ்சு," என்றாள். மதகில் இருந்து முழுவதையும் தின்றாள். மகள் கெக்கரிக்காயின் விதையைத் துப்பமாட்டாள், விழுங்கிவிட்டு வயிற்றில் கொடி முளைக்குமா என்று கேட்பாள் என்று சொன்னாள். எனக்கு அது தெரியாது. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அந்த மதகில் வைத்துத்தான் கேட்டேன். அவள் இன்னும் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், வெயில் தாழ்ந்தது.

அந்தச் சந்தையின் அம்மாவுக்கு நான் நன்றி சொல்லவில்லை. எங்களைப் பார்த்து இரக்கப்பட்டவர்களுக்கெல்லாம் வாய் வலிக்க நன்றி சொன்ன எனக்கு, இரங்காமல் விட்ட ஒரு மனுஷிக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது என்று அன்றைக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் துஆக் கேட்கும்போது அவர் முகம் வரும், வெற்றிலை வாயோடு.

வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மஃரிப் தொழுதுவிட்டு நான் வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள். என்னவோ ஏதோவென்று ஓடினேன். சுளகில் கத்தரிக்காயைக் கொட்டி வைத்துக்கொண்டு நின்றாள். கையில் இரண்டு கத்தரிக்காய். இரண்டிலும் ஓட்டை.

"பாத்தீங்களா அந்த மனிசிட வேலைய? நான் தெரிஞ்செடுத்து வெச்சதுக்குள்ள இது இல்ல. நான் சிரிச்ச நேரம் பாத்துப் போட்டிரிக்கா."

அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன. அதற்குள் கோபம் நன்றாகத் தெரிந்தது.

"வார கிழமை என்னக் கூட்டிப் போங்க," என்றாள். "அவவ நான் சும்மா விட மாட்டன்."

வார கிழமை. கடல் வந்த பிறகு இந்தப் பெண் இன்றைக்கு அப்பால் ஒரு நாளைப் பற்றி வாய் திறந்ததில்லை. நான் அல்லாஹ்வைப் புகழ்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன்.

"சொத்தக் கத்தரிக்காய்க்கு எவனாவது அல்ஹம்துலில்லாஹ் சொல்லுவானா?" என்று என்னை ஏசிவிட்டு, ஓட்டை விழுந்த பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்தாள்.